பனி என்னும் ஒரு சொல்

வெள்ளவத்தையில் வாழ்பவனுக்குப் பனியைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று அன்பர்கள் வினவலாம். உப்புக்காற்றும் வியர்வையுமே எமது பருவங்கள். ஆயினும் யான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால் இவ்வாரம் அதனையே எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற கட்டுரைப் போட்டியொன்றுக்கு யானும் ஒரு நடுவனாக இருந்தேன். இளமை நினைவுகள் என்பது தலைப்பு. கனடாவில் வளர்ந்து, உறவினரைக் காண இங்கு வந்திருந்த இளைஞர் ஒருவரும் எழுதியிருந்தார். 1999 ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோ நகரில் அடுத்தடுத்து வீசிய பனிப்புயல்களே பொருள். அம்மாதத்தில் ஒரு மீற்றருக்கு மேல் பனி வீழ்ந்தது. நகர முதல்வர் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். தெருவில் இராணுவ வாகனத்தைக் கண்ட மாத்திரத்தில் தம் தாயார் கதவைத் தாழிட்டு விளக்கை அணைத்ததையும், வந்தவர்கள் கையில் மண்வெட்டி இருப்பதைச் சாளரத்தின் வழியே கண்டு நெடுநேரம் அழுததையும் அவ்விளைஞர் எழுதியிருந்தார். அப்போது அவருக்கு வயது ஏழு.

யான் கண்டது அதையன்று. பக்கந்தோறும் நிறைந்திருந்த 'சினோ' என்ற சொல்லையே கண்டேன். அச்சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, 'பிறமொழி மிகை. நிலத்துக்கு ஒவ்வாத பொருள்' என்று ஓரத்தில் குறித்துத் தள்ளிவிட்டேன். உடனிருந்த ஆசிரியர் ஒருவர், "பண்டிதர் ஐயா, அவ்விடத்தில் தாங்கள் எச்சொல்லை இட்டிருப்பீர்கள்?" என்றார். "பனி" என்றேன். "எந்தப் பனி, ஐயா?" என்றார். விடை கூற இயலவில்லை.

யாழ்ப்பாணத்துச் சிற்றூரில் யான் அறிந்த பனி வேறு. மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வோம். வெங்காயத் தறையின் வரம்பில் நடந்தால் கணுக்கால் வரை நனையும். தலையில் துணி கட்டாது சென்றதற்காகப் பாட்டி ஏசுவார். தையில் பனங்கிழங்கு சுட்ட நெருப்பைச் சுற்றி அமர்ந்தால் அந்தக் குளிரும் போயிற்று. பின்னர் நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லின்மேல் வெண்மையாய் உறைந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதைக் கண்டேன். அதுவும் பனியே. புல்நுனித் துளியும் பனி, பாதையை மறைக்கும் புகாரும் பனி, இமயத்தை மூடியிருப்பதும் பனி. மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று அடைகொடுத்துப் பிரிக்கலாம்; பிரித்துமிருக்கிறோம். ஆனால் அவை அகராதியில் உள்ள அளவுக்கு அடுக்களையில் இல்லை. குழந்தையொன்று கையில் அள்ளி அம்மாவிடம் காட்டும்போது சொல்லும் சொல்லே வேண்டும்.

நிலத்துக்கு ஒவ்வாத பொருள் என்று எழுதினேனே, அது இன்னும் பெரிய பிழை. தொல்காப்பியம் ஓதுவிக்கும் யான், பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியும் உரியது என்பதை ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் சொல்லி வருபவன். பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஊரையும் உறவையும் பிரிந்தோர் பனியைப் பாடினால் அதை இலக்கணத்துக்குப் புறம்பென்று எப்படிச் சொல்வது? எஸ்.பொ. முன்னின்று தொகுத்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைகள் 1994 இலேயே 'பனியும் பனையும்' என்ற பெயரோடு வெளிவந்தன. கவிஞர் திருமாவளவன் கனடாவிலிருந்து எழுதிய கவிதைகளுக்குப் 'பனிவயல் உழவு' என்று பெயரிட்டார். நூலகத்தில் இவற்றை எடுத்துப் பார்த்தவன்தான் யான். தலைப்பிலேயே விடை இருந்ததைக் கவனிக்கவில்லை.

கனேடிய நாடாளுமன்றம் 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அங்கே பொங்கற்பானை பொங்குவது கடுங்குளிரின் நடுவில். அந்த இளைஞரின் கட்டுரையில், உருட்டினால் திரளும் பனி, ஊதினால் பறக்கும் பனி, வாகனச் சில்லின் கீழ்ச் சேறாகும் பனி என மூவகை வருணனை இருந்தது. மூன்றையும் 'சினோ' என்றே எழுதியிருந்தார். அவற்றுக்குப் பெயர் சூட்ட வேண்டியவர் அவர். வெள்ளவத்தையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும் யானல்லேன். ஆசிரியப் பெருமக்கள் இத்தகைய கட்டுரைகள் தம் கைக்கு வரும்போது, சிவப்பு மையைச் சற்றே ஒதுக்கிவைத்து, "இதை உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?" என்று எழுதியவரிடமே கேட்பார்களாக.

அக்கட்டுரையின் படி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எழுதியவரின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.