ஒரு சொட்டு ரத்தம் சோதிக்கவுமா பணமில்லை?

ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சை சந்தையிலே பேர் பெற்ற சரக்கு. விதையில்லாத் திராட்சை தானாகப் பருப்பதில்லை. காய் பெருக்க, ஜிப்ரலிக் அமிலம் என்ற ஹார்மோன் கரைசலில் கொத்தை முக்கி எடுப்பது திராட்சைத் தொழிலின் வழக்கம். எந்த நாளில் முக்குவது, எத்தனை அளவு கலப்பது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. நாள் தவறினால் காய் சிறுக்கும், லாபமும் சிறுக்கும். ஆகவே நாள் தவறுவதில்லை!

அந்தத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் தாயின் குழந்தைக்கும் ஒரு ஹார்மோன் கணக்கு இருக்கிறது. அதைப் பார்ப்பவர் யார்?

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் இல்லாமல் சிசுவின் மூளை சரியாக வளராது. மூளை உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைவதும், நரம்பின் மேல் உறை படர்வதும் அதன் துணையால்தான். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பிறகுதான் சொந்தச் சுரப்பி மெல்ல வேலைக்கு வருகிறது. மாதம் நிறையாமல் பிறந்துவிட்டால்? தாய்வழி வரத்து நின்றுபோகிறது; சொந்தச் சுரப்பியோ பக்குவப்படவில்லை. கடுமையான பற்றாக்குறை கவனிக்கப்படாமல் நீடித்தால் மூளை வளர்ச்சி குன்றும். பின்னால் மருந்து கொடுத்தாலும் இழந்தது முழுதும் திரும்பாது.

"குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். இதிலேதான் மோசம்! பிறக்கும்போது பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரியும். குறை கண்டு, இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரை தொடங்கினால், பிறவித் தைராய்டு குறையுள்ள குழந்தையும் மற்றப் பிள்ளைகளைப் போல வளரும், படிக்கும். மாத்திரையின் விலையோ அற்பம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1974லேயே இச்சோதனை நடந்தது.

நம் நாட்டில் இது அபூர்வ நோயா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. 2018ல் வெளியான முடிவின்படி 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை. சென்னையிலோ 727ல் ஒன்றுக்கு!

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு சோதனை போதாது. மிகவும் எடை குறைந்த, மாதம் நிறையாத குழந்தைக்குச் சற்றும் போதாது. முதல் சோதனையில் மறைந்திருக்கும் குறை சில வாரம் கழித்து வெளிப்படுவதுண்டு. ஆகவே 2 முதல் 4 வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் மாத்திரை கொடு என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் பலன் நிரூபணமாகவில்லை. சோதித்துப் பார், குறையுள்ள குழந்தையைக் கைவிடாதே என்றே கேட்கிறோம்.

2013ல் மத்திய சர்க்கார் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 30 வகைக் குறைகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது. பட்டியல் போட்டாயிற்று! நாடு முழுவதும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சோதனை என்பது இன்னும் வரவில்லை. பணம் இல்லையாம்! குமுளி மலைக்கு அப்பால் கேரளம். நம் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுகிற அதே மலை. அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இச்சோதனை நடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் முடிவது இந்தப் பக்கம் ஏன் முடியாது?

குழந்தை எடை குறைந்து பிறப்பதும் தலையெழுத்தல்ல. அரைவயிற்றுச் சாப்பாடு, ரத்தசோகை, நிறைமாதத்திலும் ஓயாத வேலை - காரணங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. 2017ல் திருத்திய சட்டம் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் பெண்ணுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்றது. அன்றாடக் கூலிப் பெண்ணுக்கு? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது!

திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் ஒன்று மாங்கோசெப். அது சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டு வேலையைத் தடுக்கக் கூடியது. ஐரோப்பிய யூனியன் 2020ல் அதன் அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு இந்திய சர்க்கார் 27 மருந்துகளைத் தடை செய்ய நகல் உத்தரவு போட்டது. மாங்கோசெப்பும் அதில் இருந்தது. பிறகு சில மருந்துகளுக்கே தடை வந்தது. கர்ப்பிணிகளை இந்த மருந்துப் புகையிலே நிறுத்துவது என்ன நியாயம்?

ஆகவே நாம் கோருகிறோம்:

பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசத் தைராய்டு சோதனை வேண்டும்! எடை குறைந்த குழந்தைக்கு மறுசோதனை வேண்டும். முடிவு தாயின் வீடு தேடி வரவேண்டும்! மருந்தடிக்கும் தோட்டத்தில் கர்ப்பிணிக்கு வேலை கூடாது. அதற்காக அவள் கூலியை வெட்டவும் கூடாது! விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு வேண்டும்!

ஆலைத் தோழர்களே! தோட்டத் தொழிலாளத் தாய்மார்களே! சங்கக் கூட்டத்தில் கூலி உயர்வோடு இக்கோரிக்கையையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால், "தைராய்டு சோதனை செய்தாயிற்றா? முடிவு எங்கே?" என்று கேட்காமல் வீடு திரும்பாதீர்கள். திராட்சைக் கொத்துக்கு நாள் தவறாத இந்த நாட்டில், நம் பிள்ளையின் மூளைக்கும் நாள் தவற விடமாட்டோம்!