ஒரு நாள் வாடகை 9 ஆயிரம், ஏசி ஓடல! காஸ்ட்லி ஹோட்டலில் ஏமாந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

உதாரணத்துக்கு, சொந்தக்காரங்க கல்யாணத்துக்காக மதுரையில் இருந்து ஒரு குடும்பம் சென்னை வருகிறது. மண்டபத்துக்குப் பக்கம் என்பதால் ராயப்பேட்டையில் ரூம் போடுகிறார்கள். ஒரு நாள் வாடகை 9 ஆயிரம் ரூபாய். போட்டோவில் பளபளவென இருந்த ரூம், நேரில் பார்த்தால் ஈரவாடை அடிக்கிறது. ஏசி ஓடவில்லை, வெந்நீர் வரவில்லை. ரிசப்ஷனில் கேட்டால், ‘ஆள் வந்துட்டே இருக்காங்க சார்’ என்பதுதான் பதில்.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் ‘நம்ம நேரம்’ என்று பில்லைக் கட்டிவிட்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால், சட்டம் என்ன சொல்கிறது?

பிடிக்கலைன்னா புகார் கொடுக்கலாமா?

ரூம் பிடிக்கவில்லை, சாப்பாடு சுமார் என்பதெல்லாம் வழக்காகாது. ஆனால், தருவதாகச் சொன்ன வசதியைத் தராமல் விட்டால் அது ‘சேவைக் குறைபாடு’. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இதற்கு இழப்பீடு கேட்கலாம். அதாவது, வாடகை எவ்வளவு என்பதைவிட, ஹோட்டல் என்ன வாக்கு கொடுத்தது என்பதுதான் முக்கியம்.

‘நிர்வாகம் பொறுப்பல்ல’ போர்டு செல்லுமா?

1998-ல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்குப் போன ஒருவர், காரை பார்க் செய்யச் சொல்லி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை, திருடு போயிருந்தது. ‘உரிமையாளர் பொறுப்பு’ என டோக்கனிலேயே அச்சிட்டிருப்பதாக ஹோட்டல் வாதிட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சாவியை வாங்கிய பிறகு, தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அச்சடித்த ஒரு வரியைக் காட்டி ஹோட்டல் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

பில்லில் எதைப் பார்க்கணும்?

முதலில் சர்வீஸ் சார்ஜ். இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதை எதிர்த்து உணவக சங்கங்கள் மேல்முறையீடு செய்துள்ளன.

அடுத்து ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5%. அதற்கு மேல் போனால் 18%. 7,500 ரூபாய் ரூமுக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் ரூமுக்கு 8,968 ரூபாய். வாடகையில் 100 ரூபாய்தான் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய்! புக் பண்ணும்போதே இதைக் கவனிப்பது நல்லது.

சரி, எங்கே புகார் கொடுப்பது?

* முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல பிரச்னைகள் இங்கேயே பேசித் தீர்க்கப்படுகின்றன.
* அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம்.
* கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.
* சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.
* ஹோட்டல் ராயப்பேட்டையில் இருந்தாலும், மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்கு போடலாம். 2019 சட்டம் கொடுத்த முக்கியமான வசதி இது.

ஆதாரம்தான் எல்லாமே!

ரூமைக் காலி செய்த பிறகு ‘ஏசி ஓடல’ என்றால் நிரூபிப்பது கஷ்டம். அதனால் ரூமில் இருக்கும்போதே வீடியோ எடுங்கள். புக் செய்தபோது ஆப்பில் காட்டிய போட்டோ, வசதிகளின் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் வாய்வார்த்தையாகச் சொன்னதையே மேனேஜருக்கு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். வேறு ரூம் கேட்டு, அவர்கள் மறுத்தால் அதுவும் பதிவாகட்டும்.

கோபத்தில் ரிசப்ஷனில் அரை மணி நேரம் சத்தம் போடுவதைவிட, அந்த நேரத்தில் அனுப்பும் நாலு வரி மெயில்தான் நாளைக்கு ஆணையத்தில் உங்களுக்காகப் பேசும்.