ஒரு கரண்டி ருசி

லினக்ஸ் கெர்னலின் புதுப் பதிப்பு வருமுன் ஏழெட்டு வாரம், ஞாயிறுதோறும் ஒரு 'ஆர்.சி.' வெளியாகும். இறக்குவதற்கு முன் உப்புப் பார்க்கத் தரும் ஒரு கரண்டி ரசம் மாதிரி. என்ன மாறியிருக்கிறது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கூடவே எழுதிவிடுவார்.

2021 மார்ச்சில், 5.12-ன் முதல் ஆர்.சி.யில் வம்பு. ஸ்வாப் ஃபைல் வைத்திருந்தவர்களுக்கு, மெமரியிலிருந்து வெளியே தள்ளிய டேட்டா டிஸ்க்கில் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்து, மற்ற ஃபைல்களை நாசம் பண்ணியது. மனுஷன் பூசி மெழுகவில்லை. பதிப்பின் பெயரிலேயே 'உபயோகிக்காதே' என்று ஒட்டினார். ஞாயிறுக்குக் காத்திராமல் வெள்ளிக்கிழமையே அடுத்ததை வெளியிட்டார்.

நேற்று நான் வைத்த ரசத்துக்கு வீட்டில் முகம் சுளித்தார்கள். 'உங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சு' என்றேன். பாத்திரத்தில் எழுதி ஒட்டியிருக்கலாம்!