கணினிக் களம்: அஞ்சாது அழுத்தத்தக்க கட்டளைகள்

புனேயில் வாழும் அம்மையார் ஒருவர் நமக்கு மடல் விடுத்துள்ளார். அவ்வூரில் நம்மவர் குழந்தைகட்கு ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பின் பாடங்களைத் தொகுத்துக் காக்கும் பொறுப்பு அவருடையது. பாடம் எழுதுவோர் ஐவர்; அவருள் இருவர் இப்போது வேறு நகரங்களில் உள்ளனர். விடுமுறையில் வந்திருந்த அம்மையாரின் மைந்தர், 'டார்ட்டாய்ஸ் எஸ்.வி.என்.' என்னும் மென்பொருளை அன்னையின் கணினியில் நிறுவி, இரண்டே கட்டளைகளைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் பணிக்குத் திரும்பிவிட்டார். சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் கட்டளைகள் வரிசை வரிசையாக விரிகின்றனவாம். "எதை அழுத்தினால் எது அழியுமோ என்று கை நடுங்குகிறது. அஞ்சாமல் அழுத்தத்தக்கவை எவை என்று மட்டுமாவது எழுதுங்கள்" என்று கேட்கிறார்.

இவ்வச்சம் இயல்பானதே. வடபுலத்து நகரொன்றில், நம்மவர் நடத்திய வகுப்பில் நிகழ்ந்தது இது. முதியவர் ஒருவர், தம் இளமையிற் கண்ட ஆடிப்பெருக்கைப் பற்றி ஒரு பாடம் எழுதினார். காவிரிக் கரையில் நின்று பார்த்தவரன்றி வேறெவரும் எழுதவியலாத பாடம் அது. மின்னஞ்சலில் அது இருவரிடம் சென்றது. இருவரும் தனித்தனியே பிழை திருத்தினர். முதியவரோ இடையில் அரைப் பக்கம் புதிதாகச் சேர்த்து அவருள் ஒருவருக்கு மட்டும் அனுப்பினார். பிந்தி வந்த மற்றவர் படியே 'இறுதி' எனப் பெயர் பெற்று, முந்தியதன்மேல் அமர்ந்துகொண்டது. குறை கண்டுபிடிக்கப்பட்டபோது முதியவர் மறைந்து ஆறு திங்கள் ஆகியிருந்தன. அவ்வரைப் பக்கம் இன்றளவும் கிடைக்கவில்லை.

இத்தகைய இழப்பைத் தடுக்கவே நிரல் எழுதுவோர் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டனர். 1972-ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு என்பார் ஆக்கிய கருவியே இவ்வகையில் முன்னோடி. அதன் வழிவந்தவற்றுள் ஒன்று 'சப்வெர்ஷன்'. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2004-இல் தன் முதற் பதிப்பைக் கண்டது. அதன் கட்டளைகளை எழுத்தெழுத்தாய்த் தட்டச்சிட வேண்டாமல், விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே பட்டியலாக விரித்துத் தரும் உறுப்பே நம் அம்மையாரின் கணினியில் உள்ள டார்ட்டாய்ஸ். அதன் பணி 2002-இல் தொடங்கியது. டார்ட்டாய்ஸ் எனில் ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் முன்னோர் மொழி. இவ்வாமை அதற்கு விலக்கு என்பது நம் துணிபு.

இதன் அமைப்பு எளிது. எங்கோ ஒரு கணினியில் எல்லார்க்கும் பொதுவான களஞ்சியம் ஒன்று உண்டு. ஒவ்வொருவர் கணினியிலும் இருப்பது அதன் பணிப்படி. களஞ்சியத்தினின்று முதன்முறை பணிப்படி எடுப்பது 'செக் அவுட்'. பிறர் செய்த மாற்றங்களை நம் படிக்குள் கொணர்வது 'அப்டேட்'. நம் மாற்றங்களைக் களஞ்சியத்தில் சேர்ப்பது 'கமிட்'. சேர்க்குந்தோறும் களஞ்சியம் முழுமைக்கும் ஒரு திருத்த எண் ஏறும். 41-ஆம் எண் என்றால், அந்நாளில் எல்லாப் பாடங்களும் எந்நிலையில் இருந்தனவோ அந்நிலை முழுவதும் என்று பொருள்.

இனி அம்மையாரின் வினாவுக்கு வருவோம். கட்டளைகளை நாம் பெயரால் நினைவிற் கொள்ளுதல் வேண்டா. இக்கட்டளை வெறுமனே பார்க்கிறதா, என் படியை மட்டும் மாற்றுகிறதா, எல்லார்க்கும் சென்று சேர்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பார்ப்பவை பல. 'ஷோ லாக்' என்பது எவர், எந்நாளில், எதை மாற்றினார், என்ன குறிப்பு எழுதினார் என்று காட்டும். 'டிஃப்' என்பது பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து வேறுபாட்டை வண்ணமிட்டுக் காட்டும். 'செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்' என்பது நம் படியில் மாறியவற்றைப் பட்டியலிடும். அச்சாளரத்திலுள்ள 'செக் ரெப்பாசிட்டரி' என்னும் பொத்தானை அழுத்தினால், களஞ்சியத்தில் பிறர் செய்திருப்பனவும் தெரியும். 'பிளேம்' என்பது ஒவ்வொரு வரியும் எவரால் எத்திருத்தத்தில் வந்தது என்று காட்டும். பழி என்னும் பொருள்படும் இப்பெயர் நமக்கு உவப்பன்று. சப்வெர்ஷனின் தட்டச்சுக் கட்டளைகளில் இதே செயலுக்குப் 'பிரெய்ஸ்', அதாவது புகழ், என்றும் மாற்றுப்பெயர் உண்டு. பட்டியலில் அப்பெயரை வைத்திருக்கலாகாதா! இவற்றை நாளொன்றுக்கு நூறு முறை அழுத்தினும் ஓர் எழுத்தும் மாறாது.

எல்லார்க்கும் சென்று சேர்வதில் தலையாயது 'கமிட்'. இதற்கும் அம்மையார் அஞ்ச வேண்டுவதில்லை. அழுத்தியவுடன் எதுவும் போய்விடாது. முதலில் ஒரு சாளரம் தோன்றும். மேலே குறிப்பெழுதும் கட்டம். கீழே மாறிய கோப்புகளின் பட்டியல். ஒவ்வொரு பெயர்மேலும் இருமுறை சொடுக்கினால் மாறியது யாதெனக் காட்டும். அனைத்தையும் பார்த்த பின்னரே 'ஓகே' அழுத்துக. குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விடும் பழக்கம் பலரிடம் உண்டு. 'திருத்தம்' என்று ஒரு சொல் எழுதி முடிப்பாரும் உளர். இருவர்க்கும் வேறுபாடில்லை. 'ஏழாம் பாடத்தில் லகர ளகரப் பயிற்சி சேர்க்கப்பட்டது' என்று எழுதினால், ஈராண்டு கழித்துத் தேடுபவர் வாழ்த்துவார்.

பிறர் அதே பாடத்தை நமக்கு முன்பே மாற்றிச் சேர்த்திருந்தால், களஞ்சியம் நம் கமிட்டை ஏற்காது. நம் படி பழையதாகிவிட்டது என்று கூறி, முதலில் அப்டேட் செய்யச் சொல்லும். இதைக் கண்டு வெகுளுவோர் பலர். ஆடிப்பெருக்குப் பாடத்துக்கு இந்த மறுப்பு ஒன்று வாய்த்திருந்தால், அந்த அரைப் பக்கம் பிழைத்திருக்கும்.

அப்டேட் நம் மாற்றங்களை அழித்துவிடுமோ என்பது அம்மையாரின் மற்றோர் ஐயம். அழிக்காது. பிறர் மாற்றிய வரிகள் வேறு, நாம் மாற்றிய வரிகள் வேறாயின், இரண்டையும் தானே இணைத்துவிடும். இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால்தான் முரண் எழும். அப்போது கோப்பின் உருவின்மேல் மஞ்சள் முக்கோணம் தோன்றும். கோப்புக்குள் அம்புக்குறிகளும் சமக்குறிகளும் இடையிடையே காணப்படும். அவற்றை வேண்டாத குப்பை என்று கையால் அழிக்கலாகாது. 'எடிட் கான்ஃபிளிக்ட்ஸ்' என்பதை அழுத்தினால் மூன்று பகுதிகளாக ஒரு சாளரம் திறக்கும்; இடப்புறம் பிறர் எழுதியது, வலப்புறம் நாம் எழுதியது, கீழே இணைந்து வரவேண்டியது. எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது மனிதர் வேலை. மறுசாராரோடு தொலைபேசியில் இரண்டு சொல் பேசிவிட்டு முடிவு செய்தல் நன்று. முடித்தபின் தீர்ந்துவிட்டதாகக் குறித்துக் கமிட் செய்க.

நம் படியை மட்டும் மாற்றுபவற்றில்தான் உண்மையான இடர் இருக்கிறது. ஏனெனில், களஞ்சியத்தில் ஒருமுறை சேர்ந்தது எதுவும் எளிதில் அழிவதில்லை. பட்டியலிலுள்ள 'டெலீட்' கொண்டு ஒரு பாடத்தை நீக்கிக் கமிட் செய்தாலும், பழைய திருத்த எண்ணில் அது அப்படியே இருக்கும். இன்னும் சேராத எழுத்துக்கோ அக்காப்பு இல்லை. 'ரிவர்ட்' என்பதை அழுத்தினால், கடைசியாக எடுத்த படிக்குப்பின் நாம் எழுதிய அனைத்தும் நீங்கிவிடும். பொதுவாக இம்மென்பொருள் அவ்வாறு நீக்குமுன் நம் கோப்பை மறுசுழற்சித் தொட்டிக்கு அனுப்பிவைக்கும். ஆதலின் தவறி அழுத்தியவர் உடனே அங்குச் சென்று தேடுக. 'கிளீன் அப்' என்பது, இடையில் அறுபட்ட பணியைச் சீர்செய்ய உதவும் நல்ல கட்டளைதான். எனினும் அதன் சாளரத்தில், களஞ்சியத்தில் சேராத கோப்புகளை நீக்கவும், எல்லா மாற்றங்களையும் கைவிடவும் கட்டங்கள் உள்ளன. அவற்றில் குறியிடாது விடுக.

இனி, பலரும் தடுமாறும் ஓரிடம். 38-ஆம் திருத்தத்தில் ஒருவர் ஒரு கதையை நீக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது களஞ்சியம் 45-இல் நிற்கிறது. கதை மீண்டும் வேண்டும். பதிவேட்டைத் திறந்து 38-இன்மேல் வலப்பொத்தானை அழுத்தினால், ஒன்றுபோல் ஒலிக்கும் மூன்று கட்டளைகள் தென்படும். 'அப்டேட் ஐட்டம் டு ரிவிஷன்' என்பது நம் படியைப் பின்னோக்கி நடத்தி 38-இல் நிறுத்தும். அது பார்வையிடுவதற்கே உரியது. அங்கே நின்று திருத்தினால், களஞ்சியம் ஏற்க மறுக்கலாம். 'ரிவர்ட் டு திஸ் ரிவிஷன்' என்பது 38-க்குப் பின் வந்த மாற்றங்கள் அனைத்தையும் நீக்கும். ஏழு திருத்தங்களில் பிறர் உழைத்த உழைப்பும் போய்விடும், நீக்கப்பட்ட கதையும் திரும்பாது. 'ரிவர்ட் சேஞ்சஸ் ஃப்ரம் திஸ் ரிவிஷன்' என்பதே நமக்கு வேண்டியது. அது 38 செய்த மாற்றத்தை மட்டும் எதிர்மாறாகச் செய்யும்; பின்வந்தவை அனைத்தும் நிற்கும், கதையும் மீளும். ஒரு சொல்லில்தான் வேறுபாடு! இவையெல்லாம் நம் படியில் மட்டுமே நிகழ்வன ஆதலின், கமிட் செய்யுமுன் டிஃப் கொண்டு பார்த்துவிட்டால் தவறு வெளியே செல்லாது.

நிற்க. தமிழில் எழுதுவோர் அறிய வேண்டுவன சில உள. இக்கருவிகள் வரிவரியாகவே ஒப்பிடுவன. ஒரு பத்தி முழுவதையும் இடையில் வரி முறிக்காது எழுதினால் அது ஒரே வரியாகக் கொள்ளப்படும். பத்தியின் தலையில் ஒருவரும் கடையில் ஒருவரும் கை வைத்தாலும் முரண் எழும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுவது நலம். கோப்பை யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்க. விண்டோஸின் பழைய நோட்பேடில், கவனியாது சேமித்த தமிழ் வெறும் கேள்விக்குறிகளாய் மாறியதுண்டு. 2019-க்குப் பின் வந்தவற்றில் யு.டி.எஃப்.-8 தானே அமைந்துள்ளது. யு.டி.எஃப்.-16 முறையில் சேமித்தால், சப்வெர்ஷன் அதனை எழுத்துக்கோப்பாகவே கொள்ளாது. வரிகளை இணைத்துத் தராது. இன்னொன்று விந்தையானது. 'கொ' என்னும் எழுத்தின் உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒன்றும் மாறாத வரி மாறியதாகக் காட்டினால், இருவர் தட்டச்சு முறையும் ஒன்றுதானா என்று கேட்டறிக.

படங்களையும் வேர்டு கோப்புகளையும் வரிவரியாய் இணைக்கவியலாது. அவற்றைத் தொடுமுன் 'கெட் லாக்' அழுத்திப் பூட்டுக; பணி முடிந்து கமிட் செய்தவுடன், வேறு விதமாகக் கேட்டாலன்றி, பூட்டுத் தானே விலகும். கோப்புக்குப் பெயர் மாற்றுவதாயின் விண்டோஸ் முறையில் மாற்றாது, டார்ட்டாய்ஸ் பட்டியலிலுள்ள 'ரீநேம்' கொண்டே மாற்றுக. இன்றேல் பழைய கோப்புக் காணாமற் போனதாகவும், புதியது தொடர்பற்றதாகவும் கொள்ளப்பட்டு வரலாறு அறுந்துவிடும். அச்சகத்துக்குத் தர 'எக்ஸ்போர்ட்' கொண்டு தூய படி எடுக்க. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் வலப்பொத்தான் பட்டியல் சுருக்கப்பட்டுள்ளது. கட்டளைகள் தென்படாவிடில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதனுள் நோக்குக.

"இவையெல்லாம் பழமை, இக்காலத்தார் 'கிட்' அன்றோ பயில்கின்றனர்?" என்று மைந்தரின் தோழர் ஒருவர் நகைத்தாராம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் ஆற்றல் மிக்கதே, மறுப்பாரில்லை. ஆயினும் ஐவர் எழுதும் பாடத் தொகுதிக்கு, ஒரே களஞ்சியமும் ஒன்று, இரண்டு என எண்ணத்தக்க திருத்த எண்ணும் போதுமானவை என்பது நம் கருத்து. கிட் பயின்ற பிள்ளைகள் உதவ வரும்போது மட்டும் அம்மையார் விழிப்பாயிருக்க வேண்டும். சொற்கள் ஒன்றாயினும் பொருள் வேறு. கிட்டில் கமிட் செய்தது தம் கணினியிலேயே நிற்கும். 'புஷ்' செய்தால்தான் பிறர்க்குச் செல்லும். இங்கோ கமிட் செய்த கணமே எல்லார்க்கும் சென்றுவிடும். கிட்டின் தட்டச்சுக் கட்டளையான 'ரிவர்ட்', பழைய திருத்தமொன்றை எதிர்மாறாக்கிப் புதியதொரு திருத்தம் சேர்க்கும், எதையும் அழிக்காது. அந்த நினைவில் இங்கே ரிவர்ட் அழுத்தினால், காலை முதல் தட்டச்சிட்டது போய்விடும். கட்டளைப் பட்டியலைப் பயன்படுத்துவோரை இளப்பமாய் நோக்கும் வழக்கமும் இளைஞரிடம் உண்டு. பாடம் அழியாது நின்றதா என்பதே வினா. தட்டச்சிட்டா சொடுக்கியா என்பதன்று.

மைந்தரிடம் அம்மையார் கேட்டறிய வேண்டுவது ஒன்று உளது. களஞ்சியம் எந்தக் கணினியில் இருக்கிறது? அதற்கு வேறிடத்தில் நகல் உண்டா, அந்நகலை எடுப்பவர் யார்? பணிப்படி ஐவரிடமும் இருந்தாலும், அதில் பாடங்களின் முழு வரலாறு இராது. களஞ்சியத்தின் வட்டு பழுதுற்றால் பழைய திருத்தங்கள் அனைத்தும் அதனோடு போய்விடும். விடையை ஒரு தாளில் எழுதி வகுப்புப் பொறுப்பாளர் இருவரிடம் கொடுத்து வைக்க.