சங்கிலியும் சட்டமும்

ஏர்வாடியை மறந்தனையோ, தோழனே? 2001 ஆகஸ்ட் 6! கீற்றுக் கொட்டகையிலே தீ. மனநோயாளர் 28 பேர் மாண்டனர். ஓடக் கால்கள் இருந்தன. கால்களிலே சங்கிலி இருந்தது!

பூட்டியவன் குற்றவாளி, ஐயமில்லை. பெற்ற பிள்ளையை அங்கே விட்டுச்சென்ற தாய் கல்நெஞ்சக்காரியா? ஊரருகே உளநல ஆலோசகர் இல்லை. உள்ள இடத்திலே கட்டணம் கட்ட அவளிடம் காசில்லை!

2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடுத்தது. எளியோர்க்கு எட்டும் செலவில் மனநல மருத்துவம் உரிமை என்றது. நல்ல சட்டந்தான், ஏட்டிலே! 2022-இல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் வந்தது. வரவேற்போம். தொலைபேசியை வைத்தபின், மறுநாள் அவள் எந்த வாயிற்படி ஏறுவாள்?

ஒன்றியந்தோறும் ஓர் ஆலோசகரை, ஊதியம் தந்து, உட்காரவையுங்கள் ஆட்சியாளரே! தோழனே, உன் தெருவிலே தாளிட்ட அறையொன்று இருக்கும். அந்தத் தாயுடன் நடந்துசெல்ல நீ வருகிறாயா?