பட்டன் அமுக்குற வேலையாம்ல!

போன வாரம் வேங்கிக்கால் டீக்கடையில நம்ம வகுப்பு மக்கள் நாலு பேரு. பேச்சு வேலை பக்கம் திரும்புச்சு. "பவர் பிளான்ட் ஆபரேட்டரா? ஏசி ரூம்ல உக்காந்து பட்டன் அமுக்க எதுக்குடா ட்ரிபிள் ஈ?"ன்னான் ஒருத்தன். எல்லாரும் சிரிச்சாங்க. அங்க பதில் வரல, இங்க எழுதறேன்.

சாத்தனூர் அணைக்கு எத்தனை தடவை டூர் போயிருப்போம்? அங்க 7.5 மெகாவாட் புனல் மின் நிலையம் இருக்குன்னு யாருக்காவது தெரியுமா? முதலைப் பண்ணை மட்டும் தெரியும் :-)

நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்துல 210 மெகாவாட் யூனிட் 7. டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுத்து. பாய்லர் டிரம்ல தண்ணி குறைஞ்சா குழாய் தீஞ்சு போகும். கூடினா நீராவியோட தண்ணியும் போயி டர்பைன் பிளேடைப் பதம் பார்க்கும். ராத்திரி மூணு மணிக்கும் ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தணும். கம்ப்யூட்டர் பார்த்துக்குமாம். பார்த்துக்கும்தான். மீட்டரே பொய் சொன்னா? ஃபீல்டு ஆபரேட்டர்தான் சூட்டுக்குள்ள படியேறி, சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கணும்.

2020 மே 7-ல அங்க 6-வது யூனிட் பாய்லர்ல விபத்து. ரெண்டு மாசம் ஆகல, ஜூலை 1-ல 5-வது யூனிட். அது ஓடிக்கிட்டுகூட இல்ல. நிறுத்தி வச்சிருந்த யூனிட்டை மறுபடி ஓட்டறதுக்கான வேலை நடந்துகிட்டிருந்துச்சு. அன்னைக்கே 6 பேர் செத்தாங்க, ஒப்பந்தத் தொழிலாளிங்க. ஆஸ்பத்திரியில கிடந்தவங்களும் அப்புறம் ஒவ்வொருத்தரா போனாங்க.

என் கோபம் இந்த 'ஒப்பந்தம்'ங்கற வார்த்தை மேலதான். நண்பன் சொன்ன பட்டன்கள்ல ஒண்ணு எமர்ஜென்சி ட்ரிப். அதை அமுக்கினா 210 மெகாவாட் அப்படியே போகும், திரும்ப ஏத்த மணிக்கணக்காகும், மேல இருந்து கேள்வி வரும். நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாதவன் "இந்தச் சத்தம் சரியில்ல, நிறுத்துங்க"ன்னு எந்தத் தைரியத்துல சொல்வான்? வேலை நிரந்தரமா இருந்தாத்தான் வாய் திறக்கும். சம்பளம் அடுத்த கதை. 2023 ஜூலையில நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளிங்க நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் பண்ணப்போ, "இவனுங்களுக்கு வேற வேலையில்ல, கரண்ட் போயிடும்"னு இதே டீக்கடையில கேட்டேன். அவன் பாதுகாப்பு வேணாம், உனக்கு ஃபேன் மட்டும் ஓடணுமா?

தீபத்தன்னைக்கு லட்சக்கணக்கான பேரு மலையைப் பார்த்துக் கும்பிடறப்போ, கிரிவலப் பாதை லைட்டுக்காக எங்கேயோ ஒருத்தன் ஷிப்டுல இருப்பான். அவனுக்கு அன்னைக்கு லீவு கிடையாது.

நண்பா, நான் அந்த வேலைக்குத்தான் அப்ளை பண்ணப் போறேன். நீ சிரிச்சுக்கோ. டீ காசு மட்டும் பாக்கி வச்சிருக்க, அதைக் குடு.