மாத்திரையை நிறுத்தாதீர், தொல்லையைச் சொல்லுங்கள்

பிள்ளைப்பாக்கம், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் உழைப்போருள் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரும் உள்ளனர். ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தால் தொல்லை நேர்ந்தால், அதை மருத்துவரிடம் கூறாமல் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவோர் அவர்களுள் உண்டு. பிழை அவர்களுடையது மட்டுமன்று என்பது என் கருத்து.

1986இல் சென்னையில் இத்தொற்று கண்டறியப்பட்டபோது, இதற்கென மருந்தே இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட மையங்களில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியது. அக்கால ஸ்டாவுடின் மருந்தால் கன்னங்கள் ஒட்டின, பாதங்கள் எரிந்தன. பின்வந்த எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைச்சுற்றலையும் கெட்ட கனவுகளையும் தந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்று எண்ணி நோயாளிகள் பொறுத்துக்கொண்டனர். மருத்துவர்களாகிய நாங்களும் அப்பொறுமைக்குப் பழகிவிட்டோம்.

இன்று பெரும்பாலோர்க்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு முறை. இதிலும் தொல்லைகள் உண்டு. பலவற்றுக்கு வழியும் உண்டு. உறக்கம் கெட்டால், மாத்திரையை உறங்கி எழுந்தபின் உண்ணும்படி நேரத்தை மாற்றலாம். இரவு ஷிப்டினர்க்கும் இது பொருந்தும். எடை கூடினால் உணவு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்போம். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஆகவே கிரியேட்டினின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அமிலநீக்கி, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை உண்பவராயின் முன்கூட்டியே கூறுங்கள். உடன் உண்டால் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வது குறையும். காய்ச்சலுடன் தோல் தடிப்போ கண்கள் மஞ்சளாவதோ கண்டால் அன்றே வாருங்கள்.

மருந்தை விட்டால் வைரஸ் மீண்டும் பெருகும்; விட்டுவிட்டு உண்டால் மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். தொடர்ந்து உண்டு, வைரல் லோடு கண்டறிய இயலா அளவில் நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைவர்க்குத் தொற்றுப் பரவாது.

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் சிலர் வாய் திறப்பதில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது; உங்கள் நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. 1097 என்ற இலவச உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மருத்துவர்களாகிய நாங்கள் பரிசோதனை எண்களைப் பார்த்து “நன்று” என்று எழுதுவதோடு நின்றுவிடக் கூடாது. “உறக்கம் எப்படி? உணவு இறங்குகிறதா?” என்று முதலில் கேட்பது எங்கள் கடமை. நாங்கள் கேட்க மறந்தால், நீங்களே சொல்லத் தொடங்குங்கள். உடன் வரும் குடும்பத்தினரும் தாம் கண்டதைக் கூறலாம். ஆயுள் முழுதும் உண்ண வேண்டிய மருந்து, அன்றாட வாழ்வோடு ஒத்துப்போக வேண்டும்.